தோன்றா எழுவாய்: நாட்குறிப்பு நடையும் நகுலனின் புனைவும்

நாள்தோறும் தன் வாழ்வைத் தானே எழுதி வைப்பதும், பிறர் அவ்வாறு எழுதியதைப் படிப்பதும் நெடுங்காலமாகத் தொடர்ந்துவரும் வழக்கங்கள். கதைப்பின்னல் இல்லாத இவ்வெழுத்து படிப்போரை ஏன் ஈர்க்கிறது என்னும் வினாவிற்கு, பிறர் மறைவை அறியும் ஆவலே காரணம் எனப் பொதுவாக விடை கூறப்படுகிறது. இவ்விடை முழுமையானதன்று. ஈர்ப்பின் ஒரு பகுதி மொழியமைப்பிலேயே அமைந்துள்ளது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த நகுலனின் 'நவீனன் டைரி' (1978) என்னும் நாவலை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

1. நாளையை அறியாமை

தமிழில் நாட்குறிப்பிற்குப் பெரும் சான்று புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் பதிவுகள். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அவை, 1904க்கும் 1928க்கும் இடையே 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. பிள்ளை துபாஷி, மொழிபெயர்ப்பு அவர் தொழிலின் ஒரு பகுதி. பகலெல்லாம் பிறர் சொற்களைப் பிறருக்குச் சொன்னவர் தம் சொற்களைத் தமக்கென எழுதினார். கப்பல் வரவும் வணிகமும் அரசியலும் வதந்தியும் அவற்றில் கலந்து கிடக்கின்றன. எந்தச் செய்தி வரலாறாகும், எது மறக்கப்படும் என்பதை எழுதும் நாளில் அவர் அறியார். வரலாற்றாசிரியனுக்கு முடிவு தெரியும்; நாட்குறிப்பாளனுக்குத் தெரியாது. 'இன்று', 'நேற்று', 'நாளை' என்னும் காலப் பெயர்கள் வேறெந்த உரைநடையையும்விட இங்கே பொருள் நிறைந்து நிற்பதன் காரணம் இதுவே.

2. நகுலனும் நகரமும்

டி. கே. துரைசாமி என்னும் இயற்பெயருடைய நகுலன் கும்பகோணத்தில் பிறந்தவர், திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், 2007இல் மறைந்தவர். 1956இல் மாநிலச் சீரமைப்பின்போது தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தலைநகரம் கேரளத்தில் நின்றது. அந்நகரத் தமிழ் எழுத்தாளருள் ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவைக் கதைக்களமாக்கினார். நகுலன் தெருவை விட்டு அறைக்குள் சென்றார். தெருவில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம், தாளில் தமிழ் என்றமைந்த வாழ்வில், தனக்குத்தானே பேசிக்கொள்ளும் வடிவம் ஒரு புறத் தேவையாகவும் இருந்தது எனலாம்.

நவீனன் என்னும் எழுத்தாளன் நகுலனின் நாவல்கள் பலவற்றில் வருபவன். படித்த நூல்கள், நண்பர் உரையாடல்கள், சுசீலாவைப் பற்றிய நினைவு ஆகியவையே நிகழ்ச்சிகளின் இடத்தை நிரப்புகின்றன. தலைப்பில் 'நாட்குறிப்பு' என்னாது 'டைரி' என்றதும் கருதத்தக்கது. முன்னது ஆவணத்தையும் சுட்டும். பின்னது மேசைமேல் கிடக்கும், நாள் அச்சிட்ட ஏட்டை நினைவூட்டும்.

3. தோன்றா எழுவாய்

நாட்குறிப்பில் 'நான்' என்னும் சொல் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. 'போனேன்' என்பதில் 'ஏன்' விகுதியே தன்மையை உணர்த்திவிடுகிறது. இலக்கணிகள் கூறும் தோன்றா எழுவாய் இந்நடைக்கு இயல்பான வடிவமாகிறது. எழுதுபவன் இருக்கிறான், முன்வந்து நிற்பதில்லை.

எதிர்மறையில் நிலை மாறுகிறது. 'போகவில்லை' என்பது மூவிடத்திற்கும் பொது; அதில் தன்மை விகுதி இல்லை. பழந்தமிழின் 'செல்லேன்' போன்ற வடிவங்கள் எதிர்மறையிலும் தன்மையைக் காட்டின. இக்காலத் தமிழின் 'இல்லை' காட்டுவதில்லை. செய்ததை எழுதும்போது தெரியும் 'தான்', செய்யாததை எழுதும்போது சொல்லிலிருந்தே மறைகிறது. செயலைவிடச் செயலின்மையை மிகுதியாகப் பதிவுசெய்யும் நகுலன் போன்றோர் எழுத்தில் இம்மறைவு பொருளோடு பொருந்துகிறது.

முன்னிலையும் இங்கே தோன்றுவதில்லை. கடிதத்திற்கு 'நீ' உண்டு, நாட்குறிப்பிற்கு இல்லை. அவ்வெற்றிடத்தில் படிப்பவன் நுழைகிறான். எழுதுபவன் எப்போதாவது 'நாங்கள்' என்னாது 'நாம்' என்றால், உளப்பாட்டுப் பன்மை படிப்பவனையும் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. அழைக்கப்படாமலே சேர்க்கப்படும் இந்நிலையே நாட்குறிப்பு வாசிப்பின் நீடித்த இன்பம்.

4. மொழிபெயர்ப்பில் இழப்பு

மலையாள வினை இடவிகுதிகளை இழந்துவிட்டது. 'போனேன்', 'போனாய்', 'போனான்' மூன்றிற்கும் 'போயி' ஒன்றே. எனவே மலையாளத்தில் பெயர்ப்பவர் 'ஞான்' என்பதைச் சேர்க்க வேண்டும். அன்றேல் சூழலை நம்ப வேண்டும். ஆங்கிலத்தில் எழுவாயை விடுவது நாட்குறிப்பிற்கெனவே அமைந்த சுருக்கநடை. தமிழில் அது அன்றாட இயல்பு. எங்கும் எழுவாயைச் சேர்த்தால் தன்முனைப்பு ஓங்கும். எங்கும் நீக்கினால் தமிழில் இல்லாத அவசரம் தோன்றும். ஆங்கிலத்தில் உடன்பாட்டு வினைகளுக்கு எழுவாயை அளித்து, எதிர்மறைகளில் சூழல் இடந்தரும்போது விடுவது மூலத்திற்கு ஓரளவு நெருங்கிய வழி. 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு மலையாளத்தில் 'நம்மள்', 'ஞங்ஙள்' எனக் கிடைக்கும், ஆங்கிலத்தில் கிடைப்பதில்லை.

பதிவுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை இணைப்புச் சொற்களால் நிரப்புவது இவற்றினும் பெரிய பிழை. நகுலனின் எழுத்து தொடர்பற்றது, புரியாதது என்னும் குற்றச்சாட்டு தமிழிலேயே உண்டு. அதில் உண்மை ஒன்றுளது: நவீனன் படித்தவற்றைப் படியாதவர் சில பக்கங்களில் வெளியே நிற்க நேரும். புனைவு நாட்குறிப்பில் நாளைய பதிவு ஆசிரியரின் கையிலேயே உள்ளது என்பதும் மறுக்க இயலாதது. பிள்ளையின் அறியாமை இயற்கை, நவீனனின் அறியாமை கலை. ஆயினும் வெற்றிடத்தை நிரப்பிக் கதையாக்கினால், எஞ்சுவது மெலிந்த கதையொன்றே.

முடிவுரை

பிள்ளையின் பதிவுகளை இன்று படிப்போர் விலைவாசியை மட்டும் தேடுவதில்லை; நவீனனைப் படிப்போர் கதையைத் தேடுவதில்லை. முடிவறியாத ஒரு மனம் ஒரு நாளின் எல்லைக்குள் சொற்களை அடுக்கும் ஓசையையே இருசாராரும் கேட்கின்றனர். அவ்வோசை தமிழில் வினைவிகுதியிலும், விகுதியற்ற 'இல்லை'யிலும் தங்கியுள்ளது. நாட்குறிப்பைப் பெயர்ப்பவர் செய்திகளைக் காப்பதோடு அமையாது, எழுதியவர் எங்கே தோன்றுகிறார், எங்கே மறைகிறார் என்பதையும் காத்தல் வேண்டும்.