இளம் இசைக் கலைஞர் போட்டியும் கலைத் தீர்ப்பும்

கலையை நிறுத்து மதிப்பிடுதல் ஒல்லுமோ என்பது திறனாய்வாளரிடையே நெடுநாளாக நிலவும் வினா. அவ்வினா கூர்மையுற்றெழும் இடங்களுள் ஒன்று, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1978 ஆம் ஆண்டிலே தொடங்கிய இளம் இசைக் கலைஞருக்கான தொலைக்காட்சிப் போட்டியாகும். ஈராண்டுக்கொருமுறை நடைபெற்று வந்த இப்போட்டி, பள்ளிப் பருவத்துக் கருவியிசையாளருக்கு உரியது. விசைப்பலகை, நரம்புக் கருவி, மரத்துளைக் கருவி, பித்தளைத்துளைக் கருவி என நான்காயிருந்த பிரிவுகள், 1994 இல் தாளக் கருவிகளுஞ் சேர ஐந்தாயின. இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தோர் பெரு வாத்தியக் குழுவோடு கொன்சேட்டோ வாசிப்பர்.

இம்முறையின் இடர்ப்பாடு வெளிப்படை. பியானோவுக்கு மொசாற் முதலாய பேரிசைஞர் இயற்றிய கொன்சேட்டோக்கள் மலிந்துள்ளன. ரொம்போனுக்கோ அத்தகையன மிகச் சில. வெவ்வேறு கருவிக்கு உரிய ஆக்கங்களை ஒரு துலாக்கோலில் இடுதல் எங்ஙனம்? முதற் போட்டியிலே வாகை சூடியவர் ரொம்போன் வாசித்த மைக்கேல் ஹெக்ஸ்ற். அவ்வாண்டு பியானோப் பிரிவில் வென்றும் முதற்பரிசு எய்தாத ஸ்டீபன் ஹஃப், பின்னர் உலகறிந்த பியானோக் கலைஞரானார். 2004 இல் 11 வயதினரான பென்ஜமின் குரோவ்னர் விசைப்பலகைப் பிரிவிலே வென்றார். முதற்பரிசோ வயலின் வாசித்த நிக்கொலா பெனடெற்றிக்குக் கிடைத்தது. இருவருமே பெரும்புகழ் பெற்றனர். ஆதலின் நடுவர் தீர்ப்புப் பிழையென்பது பொருந்தாது. அது ஓரிரவின் வாசிப்புக்கே உரியது, ஒருவரின் கலைவாழ்வுக்கு உரியதன்று என்பதே பொருந்தும்.

அவ்வளவிலே அத்தீர்ப்பு நுண்மையுடையதாதலுங் கூடும். 2000 ஆம் ஆண்டு இறுதிச் சுற்றிலே ஷொஸ்தகோவிச்சின் முதலாம் செல்லோக் கொன்சேட்டோவை வாசிக்கையிற் கை ஜோன்ஸ்ரனின் தந்தி அறுந்தது. புதுத்தந்தி பூட்டி மீண்டும் வாசித்த அவரே வென்றார். விபத்து வேறு, வழு வேறு என்பதை நடுவர் பகுத்துணர்ந்தனர். இங்கே தேர்வுத்தாளைத் திருத்துவோரும் உளங்கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு.

தொலைக்காட்சியின் பங்கு இருதிறப்பட்டது. இசையரங்கை அணுகாத இல்லங்களுக்கும் அது செவ்வியல் இசையைக் கொண்டு செல்கின்றது. அதேவேளை, முடிவுக்காகக் காத்திருக்கும் முகங்களைக் காட்டுவதிற் பெருவிருப்புடையது. வென்றவர் யார் என்று அறியும் ஆவல் மிகுந்துழி, வாசிக்கப்பட்டது யாது என்னும் ஆர்வம் குன்றும். பெயரை நினைவிற் கொண்டு இசையை மறப்போனை இரசிகன் எனல் தகாது.

2016 இல் அதே ஷொஸ்தகோவிச் ஆக்கத்தை வாசித்து வென்ற ஷேக்கு கானே மேசன், அப்போட்டியில் முதற்பரிசு பெற்ற முதற் கறுப்பினத்தவர். அவர் நொட்டிங்காம் நகரிலே அரசுப் பாடசாலையிற் பயின்றவர். பாடசாலைகளில் இசைக்கல்வி நிலைபெறல் வேண்டுமென அவர் வலியுறுத்தி வருதல் கருதற்பாலது. கருவியும் ஆசிரியரும் எட்டாத மாணவனின் திறமை எந்தப் போட்டிக்கும் வந்து சேர்வதில்லை. அவன் தோற்றவனுமல்லன், எண்ணப்படாதவன். விளைந்ததை அளக்கும் மரக்காலாகவே போட்டி பயன்படும். விதைப்பது பாடசாலையின் கடன். விதைப்பை மறந்து மரக்காலைப் போற்றும் நாடு, காலப்போக்கில் அளப்பதற்கும் ஒன்றுமின்றி நிற்கும்.