கணனி விளையாட்டும் கடந்தகால ஏக்கமும்: மாத்தளையிலிருந்து ஒரு நோக்கு

1

கடந்த இருபது ஆண்டுகளாக மேலைத்தேய நாவல், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் ஒரு பொருள் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டு வருகின்றது. 1980களின் தொடக்கத்தில் வீடுகளுக்குள் வந்த சிறு கணனிகளையும், காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பொறிகளையும் பற்றிய இனிய நினைவே அது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (1978), பக்மான் (1980), ஸின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் (1982), கொமடோர் 64 (1982) என்பன ஒரு காலத்தில் விற்பனைப் பண்டங்களின் பெயர்கள். இன்று அவை ஒரு தலைமுறையின் இளமைக்குரிய குறியீடுகளாகிவிட்டன. பழைய பொறிகளின் வடிவில் புதிய பொறிகள் செய்யப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருகின்றன. 2016இல் நின்ரென்டோவின் சிறு பிரதியும், 2023இல் அட்டாரியின் மறுவடிவமும், 2024இல் ஸ்பெக்ட்ரத்தின் மறுவடிவமும் வெளிவந்தமை இதற்குச் சான்றாகும்.

இவ்வேக்கத்தை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் நினைவு, தனிமனித உள்ளத்தில் தங்குவதாயினும், சமூகத்தினால் உருவாக்கப்படுவது. எதை நினைவுகூர வேண்டும், எதனை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும், எது மறக்கப்படலாம் என்பன உடைமையோடும் அதிகாரத்தோடும் தொடர்புடைய வினாக்கள். ஆகவே இவ்வேக்கம் யாருடையது, அது எதனை ஒளித்து வைக்கின்றது, அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது என்னும் மூன்று வினாக்களை மாத்தளை மாவட்டத்தில் நின்று இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகின்றோம்.

2

முதலில் பொருளியல் அடிப்படையை நோக்குவோம். 1982 ஏப்பிரலில் பிரித்தானியாவில் வெளிவந்த ஸ்பெக்ட்ரத்தின் விலை, 16 கிலோபைற் நினைவகம் கொண்டதற்கு 125 பவுணும், 48 கிலோபைற் கொண்டதற்கு 175 பவுணுமாக இருந்தது. பிரித்தானியத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு அது முயன்றால் எட்டக்கூடிய விலை. அப்பொறிக்குத் தனித் திரை இல்லை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதன் திரை. எனவே வீட்டுக் கணனிக்கு முன்நிபந்தனைகளாக மின்சாரம், தொலைக்காட்சி, ஆங்கில எழுத்தறிவு, ஓய்வு நேரம் ஆகிய நான்கும் அமைந்தன.

இந்நான்கையும் அக்கால மாத்தளையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பயனுடையது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரியில். மின்சாரத்தைப் பொறுத்தவரை மாத்தளை ஒரு விசித்திரமான முரண்பாட்டைக் காட்டுகின்றது. பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வந்து இம்மாவட்டத்து உக்குவெலையில் 1976 முதல் மின்னாக மாறியது. அதே நீர் மேலும் வடக்கே சென்று 1981 முதல் போவத்தன்னையில் இரண்டாம் முறை மின்னாயிற்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 மெகாவாற் வலுவுடைய நிலையங்கள். நாட்டின் மின்வழிகளுக்கு ஒளி அனுப்பிய இம்மாவட்டத்தின் தேயிலை, இறப்பர், கொக்கோத் தோட்டங்களிலே லயக் காம்பராக்களிற் பெரும்பாலானவை குப்பி விளக்கில் இருந்தன. மின்கம்பி தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் சென்றது. லயத்தின் கூரையைக் கடந்து சென்றது.

இவற்றுக்கும் மேலாக, அம்மக்களிற் கணிசமானோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டவர்களின் வழிவந்தோர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி எந்த நாட்டிற்கு உரியவர் என்று பிரிக்கப்பட்டுக் கொண்டிருந்தவர்கள். தகரப் பெட்டியில் உடைமைகளை அடுக்கித் தலைமன்னாருக்கு இரயிலேறக் காத்திருந்த குடும்பத்தின் பிள்ளைக்கு, 1982ஆம் ஆண்டு ‘கணனி யுகத்தின் பொற்காலம்’ எனக் கூறுவது பொருளற்ற கூற்றாகும்.

3

இவ்விடத்தில் ஆண்டுக்கணக்குப் பற்றிய ஒரு முக்கியமான பிரச்சினை எழுகின்றது. கணனி விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் யாவரும் 1983ஐ ஒரு திருப்புமுனையாகக் கொள்வர். அவ்வாண்டில் அமெரிக்க விளையாட்டுச் சந்தை சரிந்தது. அதனை ‘1983இன் வீழ்ச்சி’ என்பர். விற்பனையாகாத அட்டாரி விளையாட்டுப் பேழைகள் அவ்வாண்டு செப்டெம்பரில் நியூ மெக்ஸிக்கோ மாநிலத்து அலமகோர்டோவின் குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டன. அதே ஆண்டு யூலை 15ஆம் திகதி, பின்னர் உலகை ஆளப்போகும் நின்ரென்டோவின் ‘குடும்பக் கணனி’ யப்பானில் விற்பனைக்கு வந்தது.

அதற்கு ஒன்பது நாள்களின் பின்னர் கொழும்பில் மூண்ட இனவன்செயல் அவ்வாரத்திலேயே மாத்தளையை வந்தடைந்தது. நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டு, ஊர் கூடி இழுத்த தேர்கள் சாம்பலாயின. 1977இல் அடிபட்டு மீண்டும் தலைதூக்கிய குடும்பங்கள் இம்முறை வடக்கிற்கும், இந்தியாவிற்கும், மேலும் தொலைவிற்கும் சிதறின. எமது வாசகருக்கு ‘எண்பத்து மூன்று’ என்றால் அது இதுவே. வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

இவ்விரு 1983களையும் அருகருகே வைப்பது வீழ்ச்சியுற்ற ஒரு வணிகத்தைப் பழிப்பதற்காகவன்று. பின்னர் நிகழ்ந்ததைக் காண்பதற்காகவே. 2014 ஏப்பிரலில் அலமகோர்டோக் குப்பைமேடு தோண்டப்பட்டது; அது ஆவணப்படமாக எடுக்கப்பட்டது. வெளியே எடுத்த பேழைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. ஒன்று அமெரிக்க நாட்டின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சென்றடைந்தது. ஒரு வணிக நிறுவனம் வேண்டாமென்று புதைத்த பொருளுக்கும் அகழ்வாய்வு, ஆவணம், அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் கிட்டின. எரிக்கப்பட்ட மாத்தளைக் கடைத்தெருவின் பொருட்பட்டியல் எந்த அருங்காட்சியகத்தில் உள்ளது? அங்கிருந்த வானொலி திருத்தும் கடை, இசைத்தட்டுக் கடை, புத்தகக் கடை என்பனவற்றை எவர் தொகுத்தார்? நினைவின் துறையிலும் வளர்ச்சி சமனற்றதாகவே உள்ளது என்பதற்கு இதனை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4

இனி, இவ்வேக்கம் எதனை ஒளிக்கின்றது என்பதை நோக்கலாம். பி.பி.சி. 2009இல் தயாரித்த ‘மைக்ரோ மென்’ என்னும் தொலைக்காட்சிப் படம், பிரித்தானிய வீட்டுக் கணனியின் கதையை இரு தொழிலதிபர்களின் போட்டியாகச் சொல்கின்றது. பெயரே ‘ஆடவர்’ என முடிகின்றது. ஆயின் ஸ்பெக்ட்ரம் பொறியைப் பொருத்தியவர்களிற் பெரும்பாலோர் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்து டைமெக்ஸ் தொழிற்சாலையிலிருந்த பெண்கள். 1993இல் அங்கு நடைபெற்ற கசப்பான வேலைநிறுத்தத்தின் முடிவில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அட்டாரி நிறுவனமோ 1983இலேயே தன் உற்பத்தியின் பெரும் பகுதியைக் கலிபோர்னியாவிலிருந்து ஹொங்கொங்கிற்கும் தாய்வானுக்கும் மாற்றியது. மலேசியாவின் பினாங்கில் 1972 முதல் வளர்ந்த சுதந்திர வர்த்தக வலயத்திலே, நுணுக்குக்காட்டியிற் கண்பதித்துச் சில்லுகளுக்குக் கம்பி ஒட்டிய மலாய்ப் பெண்களோடு தமிழ்ப் பெண்களும் இருந்தனர்.

இவ்வுண்மையை அக்காலத்திலேயே கோட்பாட்டு நிலையில் எடுத்துரைத்தவர் இலங்கைத் தமிழரான அ. சிவானந்தன் ஆவார். மலைநாட்டில் ஆசிரியராகப் பணிபுரிந்து, 1958ஆம் ஆண்டு வன்செயலின் பின் இலண்டன் சென்ற அவர், சிலிக்கன் யுகத்து ஏகாதிபத்தியம் பற்றி 1979இல் எழுதிய கட்டுரையில், புதிய தொழில்நுட்பம் மூலதனத்திற்குக் கால் முளைக்கச் செய்கின்றது என்னும் கருத்துப்பட வாதிட்டார். உழைப்பு எங்கு மலிவோ அங்கு அது குடிபெயரும். நினைவின் அழிவே ஒரு மக்களின் அழிவு என்பதைப் பொருளாகக் கொண்ட நாவலை 1997இல் எழுதியவரும் அவரே. சிலிக்கனையும் நினைவையும் ஒரே சிந்தனையாளர் கருப்பொருளாக்கியமை தற்செயலன்று. தேயிலைப் பொட்டலத்தின் மீதுள்ள சிரித்த முகம் கொழுந்து பறிப்பவளின் உழைப்பை மறைப்பது போலவே, ஏக்கத்தின் மினுமினுப்பும் பொறியைப் பொருத்திய கைகளை மறைக்கின்றது.

விளையாட்டின் உள்ளமைப்பும் ஈண்டுக் கவனிக்கத்தக்கது. காசுப்பொறி ஆட்டத்தை நேரக்கணக்கில் விற்கின்றது. ஆடுவோன் திறமை கூடக்கூட ஆட்டத்தின் வேகமும் கூடுகின்றது. ஸ்பேஸ் இன்வேடர்ஸில், சுட்டு வீழ்த்த வீழ்த்த எஞ்சிய பகைவர் விரைந்து வருவர். வரைய வேண்டிய உருவங்கள் குறையப் பொறியின் கணிப்பு விரைவுற்றமையே இதன் தொடக்கக் காரணம். பின்னர் அது விளையாட்டின் விதியாயிற்று. நிறுவைக்குக் கொழுந்து கூடினால் மறுநாள் கேட்கும் கிலோவும் கூடும் என்பதையும், குறைந்தால் அரைப்பேரே விழும் என்பதையும் அறிந்த தோட்டத் தொழிலாளிக்கு இவ்விதி புதியதன்று. ஒருவனுக்கு ஓய்வின் இன்பமாக இருந்தது, இன்னொருவளுக்கு உழைப்பின் ஒழுங்காக இருந்தது.

5

எனினும், மாத்தளை இளைஞனுக்கு இந்நினைவில் எவ்விதப் பங்கும் இல்லை என்று முடிப்பது இயந்திரப் பாங்கான முடிவாகும். அர்ஜுன் அப்பாதுரை 1996இல் வெளிவந்த தமது நூலில், தாம் ஒருபோதும் வாழ்ந்திராத காலத்திற்காக மக்கள் ஏங்குதலை ஆராய்ந்துள்ளார். நினைவில்லாத ஏக்கம் என அதனைக் கூறலாம். ஏர்னஸ்ட் கிளைன் எழுதிய ‘ரெடி பிளேயர் வன்’ (2011) என்னும் நாவல் இதனைக் கதையாகவே ஆக்கிவிட்டது. 2040களில் வறுமையில் வாழும் ஓர் ஏழைச் சிறுவன், இறந்துபோன செல்வனொருவனின் 1980களின் இளமையை, அவன் ஆடிய பக்மான் வரை, மனனஞ்செய்து அவனது சொத்துக்கு வாரிசாகின்றான். ஆசிரியர் இதனை வெற்றிக் கதையாகவே கூறுகின்றார். எமக்கோ அது துயரக் கதையாகப் படுகின்றது. வாரிசாவதற்கு அவ்வேழை தனது இளமையைக் கைவிட்டுப் பிறனது இளமையைப் பாடமாக்க வேண்டியிருக்கின்றது.

மாத்தளைக்கு உண்மையிலேயே வந்து சேர்ந்தவை வேறு பொறிகள். 1990களில் சந்தையிலும் கோயில் திருவிழாக் கடைகளிலும் கிடைத்த ‘பிரிக் கேம்’ என்னும் கையடக்கப் பொறி அவற்றுள் ஒன்று. அதிலிருந்த ஆட்டம், 1984இல் மொஸ்கோவின் விஞ்ஞானக் கல்விக்கழகக் கணனி நிலையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் ஆக்கிய டெட்ரிஸின் பிரதி. மற்றொன்று, ‘ரீவி கேம்’ எனப்பட்ட, நின்ரென்டோ குடும்பக் கணனியின் மலிவான நகல். மின்சாரம் எட்டாத இடங்களில் மோட்டார் வாகன பற்றரியில் தொலைக்காட்சி பார்த்த காலம் அது. ஒருவர் வீட்டுப் பொறியைச் சுற்றிப் பத்துப் பேர் அமர்ந்து முறைவைத்து ஆடினர். வரலாறு எழுதுவோர் இவற்றைக் ‘களவுப் பிரதி’ என ஒதுக்குவர். நமது வரலாறு அங்கிருந்தே தொடங்குகின்றது.

இங்கு நமது மரபும் துணைநிற்கின்றது. தொடித்தலை விழுத்தண்டினாரின் புறநானூற்றுப் பாடலில் (243) தண்டூன்றிய முதியவர் ஒருவர் தம் இளமை விளையாட்டை எண்ணி இரங்குகின்றார். மணலிற் செய்த பாவையும், மரக்கிளையிலிருந்து குளத்திற் பாய்ந்து அள்ளிவந்த மணலும் அவர் நினைவில் வருகின்றன. அவை விலையுள்ள பொருள்களல்ல. உடன் விளையாடியோரும், தம் உடல் வலிமையுமே அவர் இழந்தவை. விலைக்கு வாங்கக்கூடிய மறுவடிவம் எதுவும் அவ்விழப்பை ஈடுசெய்யாது. பத்துப் பேர் முறைவைத்து ஆடிய அந்த அறையின் நினைவும் இத்தகையதே. 1983இன் பின் புலம்பெயர்ந்து, இலண்டனிலோ ரொறன்ரோவிலோ முதன்முதல் ஒரு கணனியைத் தொட்ட மாத்தளைப் பிள்ளையின் ஏக்கமும் அவ்வாறே மதிக்கத்தக்கது. அது பொறிக்கான ஏக்கம் மட்டுமன்று. அந்நிய நாட்டில் தன் பேச்சுக்கு மறுமொழி தந்த முதற் பொருளின் நினைவும் ஆகும்.

6

இவ்வேக்கத்தில் முற்போக்கான ஒரு கூறும் உண்டு. அன்றைய வீட்டுக் கணனியை இயக்கியதும், திரையில் தோன்றியது கட்டளைக்காகக் காத்திருக்கும் ஒரு குறி. பேசிக் மொழியில் இரண்டு வரி எழுதினால் பொறி கீழ்ப்படிந்தது. பயன்படுத்துவோனும் ஆக்குவோனும் ஒருவனாக இருக்கக்கூடிய நிலை அது. இதனை நினைவுகூர்ந்தோரிற் சிலர் ஏங்கியதோடு நின்றுவிடவில்லை. 1981ஆம் ஆண்டின் பி.பி.சி. மைக்ரோ கணனியின் நினைவே, 2012இல் 35 டொலருக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணனிக்குத் தூண்டுதலாயிற்று. அதே மைக்ரோவைச் செய்த ஏகோர்ன் நிறுவனத்தில் 1985இல் பிறந்த ஆர்ம் செயலியின் வழித்தோன்றலே இன்று பெரும்பாலான கைப்பேசிகளின் உள்ளே இயங்குகின்றது. ஆதலின் மாத்தளைத் தோட்டத்து இளைஞன் அப்பொற்காலத்தின் வாரிசு என்பது உருவகமன்று. பொறி அவன் கையில் உள்ளது. ஆயின் கட்டளைக்குக் காத்திருந்த அந்தக் குறி அதில் இல்லை. அவன் பார்க்கவும் வாங்கவும் மட்டுமே அழைக்கப்படுகின்றான்.

எனவே நாம் மீட்க வேண்டியது பொறியின் வடிவத்தையன்று. அதனைத் திறந்து எழுதும் உரிமையையே. அதற்குத் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர் தோட்டப் பாடசாலைகளுக்கு வேண்டும். பரிசளிப்பு விழாவில் கையளிக்கப்பட்டுப் பின்னர் பூட்டிய அறையில் தூசிபடியும் கணனிகள் அக்குறையை நிரப்பா.

இரண்டாவது கடமை தொகுத்தல். தேயிலைத் தோட்டத்து மக்களின் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்திராவிடின் அவற்றிற் பல அவற்றைப் பாடியவர்களோடு மறைந்திருக்கும். அன்று அவை ஆய்வுக்குரியன என எண்ணியோர் மிகச் சிலரே. முதல் மின்விளக்கு லயத்திற்கு வந்த நாள், பற்றரியில் ஓடிய தொலைக்காட்சி, வானொலி திருத்தக் கற்றுப் பின் கணனி திருத்தியவரின் அனுபவம், 1983இல் எரிந்த கடைகளில் இருந்தவை ஆகியனவும் இன்று அந்நிலையிலேயே உள்ளன. அவற்றை அறிந்தோர் முதுமையடைந்து வருகின்றனர். அலமகோர்டோவின் மணலுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பகுதியாயினும் மாத்தளையின் சாம்பலுக்குக் கிடைக்க வேண்டுமாயின், அவர்களிடம் கேட்டு எழுதும் பணியைப் பல்கலைக்கழக மாணவர் இப்பொழுதே தொடங்குதல் அவசியமாகும்.