கிருஷன் ஜித் நடந்த வழி

நாடகம் என்றதும் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி, "ராஜபார்ட் யார்?" என்பதாகும். ஆட்டுவித்தவர் யாரென்று கேட்பார் அரியர். பழைய கம்பெனிகளிலே அவருக்கு வாத்தியார் என்று பெயர். சங்கரதாஸ் சுவாமிகளைப் போன்றோர் அப்பெயருக்கு மதிப்புத் தேடித் தந்தனர். சுவாமிகள் 1922இல் மறைந்தார். அம்மதிப்பும் மெல்ல மறைந்தது. இன்று பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தமிழ் நாடக நோட்டீஸ் ஒன்று நம் கைக்கு வந்தால், வாத்தியார் பெயரைப் பூதக்கண்ணாடி கொண்டுதான் தேட வேண்டும்.

ஆகையினாலே, கோலாலம்பூரிற் பிறந்து அங்கேயே பெரும்பணி செய்த ஒரு வாத்தியாரைத் தமிழர் அறியாதிருப்பதில் வியப்பில்லை. கிருஷன் ஜித் என்பது அவர் பெயர். பஞ்சாபிக் குடும்பத்தவர், பிறந்த ஆண்டு 1939. விக்டோரியா கல்விச்சாலையிற் பயின்று, அமெரிக்கா சென்று மேற்படிப்பு முடித்து, மலாயாப் பல்கலைக் கழகத்திற் சரித்திரம் போதித்தார். ஆங்கிலம் படித்த பிள்ளைகள் ஆங்கில நாடகம் ஆடுவது அக்காலத்து வழக்கம். அவரும் அவ்வாறே தொடங்கினார்.

1969ஆம் ஆண்டுக் கலவரம் நாட்டையே உலுக்கிற்று. 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடி, மலாய்ப் பண்பாடே அடிப்படையென வகுத்தது. அப்பொழுது கிருஷன் ஜித் மலாய் நாடகத்திற்குச் சென்றார். 1972 முதற்கொண்டு 'ஊத்தி' என்ற புனைபெயரில் ஆங்கிலப் பத்திரிகையிலே நாடக விமரிசனமும் எழுதினார். அத்தொண்டு இருபதாண்டுகளுக்கு மேல் நடந்தது. காற்றடித்த பக்கம் சாய்ந்தார் என்று இதனைப் பழிப்பார் இருக்கலாம். நாம் அங்ஙனம் கருதோம். இலாபம் கருதிச் சென்றவர் சென்ற இடத்திலேயே நிலைத்திருப்பாரன்றோ? பிற இனத்தார்க்கு அம்மேடையில் இடம் குறுகக் கண்டதும் இவர் மீண்டும் ஆங்கிலத்தின்பால் திரும்பினார். 1984இல் மரியன் டி'குருஸ், ரெட்சா பியதாச, சின் சான் சூய், கே. எஸ். மணியம் ஆகியோருடன் கூடிப் பைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்னும் கலைக்கழகத்தை நிறுவினார்.

அதே ஆண்டில் மணியத்தின் 'தி கார்ட்' நாடகத்தை மேடையேற்றினார். கயிறு என்றும் தொப்புட்கொடி என்றும் பொருள்படும் தலைப்பு அது. முனியாண்டி என்னும் கிழத் தொழிலாளியும், மோட்டார் சைக்கிள் மோகங்கொண்ட ரத்தினம் என்னும் இளைஞனும் அதில் வருகின்றனர். நம் பிறப்பிற்கு முன்னரே அரங்கேறிய அந்நாடகத்தை நாம் கண்டோமில்லை. செக்ரோல் எழுதி முடித்த இரவுகளிலே குவார்ட்டர்ஸில் அமர்ந்து அச்சிற் படித்தோம். பால்மரக் காட்டுத் துயரைச் சொல்ல வந்த எத்தனையோ பேர் தொழிலாளியை அழவைத்து நிறுத்திவிடுகின்றனர். இங்கோ அவன் சினக்கிறான், நினைவுகூர்கிறான், தன் பிள்ளையினிடமே தோற்கிறான். அரசர்களும் தேவர்களும் ஏறியிறங்கிய நம் மேடையில் இத்தகைய மனிதனுக்கு நாம் தந்த இடம் எவ்வளவு? நம் தோட்டத்தானை மனிதனாக மேடையேற்றும் வேலையைப் பஞ்சாபி ஒருவர் செய்யலாயிற்று. இது நமக்கு வெட்கமே.

ஆயினும் ஒரு வழக்குண்டு. முனியாண்டியின் வாயில் அமைந்தது ஆங்கிலம். லயத்திலிருந்து ஒருவரை அழைத்துச் சென்று முன்வரிசையில் அமர்த்தியிருந்தாலும், தம் கதையைத் தாமே அறியாது விழித்திருப்பார். ஆங்கிலப் பள்ளியிற் படித்த கிராணியாகிய நமக்கு விளங்கிற்று. நம் கையொப்பத்துக்குக் காத்து நிற்பவருக்கு விளங்காது! இக்குறை மணியத்தினுடையதா, வாத்தியாருடையதா என்றால், மணியம் ஆங்கிலத்தில் எழுதியவர். அவரைக் குறை கூறல் பொருந்தாது. எந்த மொழியில் நடிகனைப் பேசவைப்பது என்பது வாத்தியாரின் பொறுப்பாகும்.

கிருஷன் ஜித்தும் இதனை உணர்ந்தாரென்றே நினைக்கிறோம். 1990களில் அவர் ஆட்டுவித்தவற்றிலே ஆசிரியர் எழுதிய ஏட்டின் பிடி தளர்ந்தது. நடிகர் தம் வாழ்வையும் தம் பேச்சையும் கொண்டு காட்சி அமைத்தனர். மொழிகள் பல ஒரே மேடையிற் கலந்தன. ஆங்கிலம், மலாய், மீண்டும் ஆங்கிலம், பின்னர் கலப்பு என அவர் நடந்த வழி வளைந்தது. ஆனால் எந்த வளைவிலும் ஒரு காரணம் இருந்தது. அவ்வழியிலே தமிழ் விருந்தாளியாக வந்துபோயிற்றே ஒழிய வீட்டுக்காரியாகவில்லை. அதற்கு அவரைக் குறை கூற நமக்கு வாயில்லை. தமிழ் நாடகத்தார் அவரை அழைத்தனரா? அவர் 2005இல் காலமானார்.

எங்கள் தோட்டத்து முதிய மண்டோரிடம் இக்கதையை ஓரிரவு சொன்னோம். "இது நம்ம கதையாச்சே, கிராணியையா. தமிழ்லே எங்கே ஆடுறாங்க?" என்றார். விடை கூற இயலாமல், முதற்காட்சியைத் தமிழில் எழுதி மறுவாரம் படித்துக் காட்டினோம். சிறிது கேட்டுவிட்டுத் தலையசைத்தார். "முனியாண்டி இப்படிப் புஸ்தகம் மாதிரி பேசமாட்டான், ஐயா" என்றார். அவர் பேசிக் காட்டியபடி முதற்காட்சியை மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.