உலைக்களத்தில் ஒரு மாலை

அருங்காட்சியகத்துக்குள் மாலைநேரப் பாட்டும் பானமும் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஓவியக் கூடத்தில் நின்றால் நானும் அவர்கள் பக்கம் சாய்வேன். கண்ணாடிக் கண்காட்சி என்றால் மட்டும் நான் கூட்டத்தின் கட்சி. அலுவலகம் விட்டு நேரே வந்து, கையில் கோப்பையோடு நின்று பேசும் இளைஞர்களின் சலசலப்பு இந்தக் கலைக்கு அந்நியமில்லை. கண்ணாடி பிறப்பதே வெக்கையும் கூச்சலும் நிறைந்த இடத்தில், நாலைந்து பேரின் நடுவில்.

இப்படியொரு மாலைக்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டொலிடோ கலை அருங்காட்சியகத்தைப் போல வாய்த்த இடம் அபூர்வம். 1888-இல் எட்வர்ட் லிபி தன் கண்ணாடி ஆலையை மாசசூசெட்ஸிலிருந்து இந்த ஊருக்கு மாற்றினார். 1901-இல் இந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர்களில் முதல்வர் அவரே. 2006-இல் அங்கே திறந்த கண்ணாடி மண்டபத்தை ஜப்பானின் சானா கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. வெளிச்சுவரும் உட்சுவரும் வளைந்து ஓடும் கண்ணாடி. இருட்டியதும் வந்தவர்களின் உருவங்கள் சுவருக்குச் சுவர் பிரதிபலித்து, பழங்கலங்களோடு கலந்து நிற்கும். சேகரிப்பும் உலைக்களமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் இதன் பெரிய பாக்கியம்.

அங்கே நான் முதலில் காட்ட விரும்புவது லிபி ஆலை 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காகச் செய்த பெரிய பஞ்ச் கிண்ணத்தை. அடியில் தாங்கி, சுற்றிலும் 23 சிறு கோப்பைகள். ஊதிய கனத்த கண்ணாடியைச் சுழலும் சக்கரத்தில் வைத்து, கோடு கோடாக ஆழ வெட்டி, மெருகேற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டும் ஒளியை உடைத்து அடுத்த வெட்டுக்குத் தள்ளுகிறது. அலங்காரம் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் பலர் சூழ்ந்து நின்று அருந்துவதற்கென்றே எடுத்த வடிவம் இது. தனியே நின்று பார்த்தால் பாதி அர்த்தம்தான் கிடைக்கும்.

இதே வளாகத்தின் ஒரு வண்டிக் கொட்டகையில்தான், 1962 மார்ச்சில், மட்பாண்டக் கலை ஆசிரியர் ஹார்வி லிட்டில்டன் சிறிய உலை ஒன்றை மூட்டினார். ஆலை இல்லாமல், கலைஞன் தானே கண்ணாடியை உருக்கி ஊத முடியுமா என்பது அவர் கேள்வி. முதல் உருக்கு சரிவரவில்லை. கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிகளைப் போட்டுப் பாருங்கள் என்றார் டொமினிக் லபினோ என்ற ஆராய்ச்சியாளர். அது உருகிப் பதத்துக்கு வந்தது. ஊதத் தெரிந்தவர் வேண்டுமே? லிபி ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் வந்து குழலைப் பிடித்துக் காட்டினார். தனிக் கலைஞனின் கனவு, ஆரம்ப நாள்களிலேயே இன்னொருவர் கையைத் தேடியது. அந்தச் சோதனையிலிருந்து வளர்ந்த இயக்கம் கண்ணாடியை ஆலையிலிருந்து மீட்டது. துணைக் கைகளிலிருந்து மீட்கவில்லை, மீட்க வேண்டியதுமில்லை.

உலை முன் அமர்ந்து பார்த்தால் இது விளங்கும். சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் கண்ணாடி கெட்டிப் பாகாக இருக்கிறது. இரும்புக் குழலின் நுனியில் அதைச் சுற்றி எடுத்த கணத்திலிருந்து குழல் உருண்டுகொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஒரு பக்கம் தொங்கிவிடும். பெஞ்சில் உட்கார்ந்த தலைமைக் கலைஞர் இடது கையால் குழலை உருட்டுகிறார். வலது உள்ளங்கையில் மடித்து நனைத்த செய்தித்தாள்; அதை வைத்தே கொதிக்கும் உருண்டையைத் தடவி வடிவம் தருகிறார். நீராவி சீறுகிறது, கருகிய காகித வாசம் எழுகிறது. அதே நேரம் உதவியாளர் ஒருவர் மண்டியிட்டுக் குழலின் மறுமுனையில் ஊதுகிறார். இன்னொருவர் மரப் பலகை பிடித்து, தலைவரின் கையைச் சூட்டிலிருந்து மறைக்கிறார். உத்தரவுகள் ஒற்றைச் சொல்தான்: ஊது, நிறுத்து, மெல்ல.

பிறகு கலத்தின் அடியில் இன்னொரு கம்பியை ஒட்டி, கழுத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு, குழலில் ஒரு தட்டு. கலம் குழலிலிருந்து அந்தக் கம்பிக்கு மாறிவிடும், இல்லையேல் தரையில் நொறுங்கும். எந்தக் கச்சேரியிலும் இத்தனை பேர் ஒன்றாக மூச்சடக்கி நான் பார்த்ததில்லை. பிழைத்த கலம் முடிவில் ஆறவைக்கும் சூளைக்குப் போகிறது. அவசரப்பட்டு வெளியே எடுத்தால் உள்ளிறுக்கத்தில் வெடிக்கும்.

இப்படியொரு மாலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பெஞ்சுக்குப் பக்கவாட்டில், கைகள் தெரியும்படி உட்காருங்கள். கூட்டம் கலைந்ததும் தலைமைக் கலைஞரைச் சூழாமல், அந்தப் பலகை பிடித்தவரிடம் போய்ப் பேசுங்கள். எந்த நொடியில் எது தவறவிருந்தது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.