ரூஜ் வீட்டு வாசலில் பல்லாடியோ

டொராண்டோவின் ரூஜ் பகுதியில், மார்னிங்சைட் அவெனியூவில் வடக்கே போய் ஸ்டெயின்ஸ் ரோட்டுப் பக்கம் திரும்பினால், இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத் தேவாலயங்களின் உறுப்புகள் வீட்டு வாசல்களில் நிற்கும்: முக்கோண முகப்பு, அதைத் தாங்குவதுபோல் இரண்டு தூண், ஜன்னலின் உச்சியில் கீஸ்டோன். தேவாலய முகப்புக்கு வீட்டில் என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. முக்கோண முகப்பு வீட்டிலிருந்துதான் கோயிலுக்குப் போயிற்று என்று நம்பி, 16ஆம் நூற்றாண்டிலேயே அதை வீடுகளுக்கு வைத்தவர் இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஆந்த்ரேயா பல்லாடியோ. வேறு அளவுகோல் வேண்டும்: அந்த உறுப்பு ஏதாவது வேலை செய்கிறதா?

மறுமலர்ச்சிக் கட்டடக்கலையின் பல சொற்கள் ஏதோ ஒரு சிக்கலுக்குக் கண்ட தீர்வின் பெயர்கள். தேவாலயத்தின் நடுக்கூடமான நேவ் உயரம். இருபுறத்து ஐல்கள் தாழ்வு. இரண்டுக்கும் ஒரே முகப்பு எப்படி? புளோரன்ஸின் சாந்தா மரியா நோவெல்லாவில் கட்டடக்கலைஞர் ஆல்பர்ட்டி வொல்யூட் என்ற பெரிய சுருள்களை வைத்து ஐல் கூரைகளை மறைத்தார். முகப்பு 1470இல் முடிந்தது. வெனிஸின் சான் ஜார்ஜோ மஜோரேயில் பல்லாடியோ இரண்டு கோயில் முகப்புகளை ஒன்றோடொன்று கோத்தார். விசென்சாவில் பழைய மண்டபமொன்றைச் சுற்றி வளைவு வரிசை எழுப்ப வேண்டி வந்தபோது இடைவெளிகள் சம அகலமாக இல்லை. நடுவில் வளைவு, இருபுறமும் ஒடுங்கிய திறப்பு என்ற செர்லியானா அமைப்பை எடுத்தார். வளைவுகள் எல்லாம் ஒரே அளவு. பக்கத் திறப்புகளைக் கூட்டிக் குறைத்துக் கணக்கைச் சரிக்கட்டினார். இன்று பல்லாடியன் ஜன்னல் என்று விற்பது இந்த வடிவத்தைத்தான்.

இப்படிப் பார்த்தால் ரூஜ் வீடுகளின் தூண்கள் தேறவில்லை. விரலால் தட்டுங்கள், பல வீடுகளில் கோறையாகச் சத்தம் கேட்கும்; இரண்டு பாதிகளை ஒட்டிய கோடும் தெரியும். தூணுக்கும் கூரைக்கும் நடுவே எண்டாப்ளேச்சர் என்ற அகன்ற பட்டை வரவேண்டும். பாரம் தூணில் இறங்குவதைக் கண்ணுக்குக் காட்டுவது அதுதான். இங்கே தூண்தலை நேரே அலுமினியத் தகட்டில் போய் முட்டுகிறது. கீஸ்டோன் இன்னும் மோசம். வளைவின் கற்களை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கல் அது. இங்கே வளைவே இல்லாத தட்டை ஜன்னலின் மேலும் இருக்கிறது. செங்கல்லோ மரச்சட்டத்துக்கு வெளியே போர்த்திய ஒற்றை வரிசை. அதைச் சுமப்பது உள்ளே மறைந்திருக்கும் இரும்பு லிண்டல்.

ஜன்னல் மட்டும் தப்புகிறது. வாசலுக்கு மேலுள்ள செர்லியானா, இரண்டு மாடி உயர முன்கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் வெளிச்சம் கொடுக்கிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டும் ஊரில் அது சின்ன உபகாரமல்ல. (அந்த உயரக் கூடத்தைச் சூடாக்கும் காஸ் பில் வேறு கதை.)

வீட்டு முகப்பைத் திருத்தக் காசு ஒதுக்கியிருப்பவர்கள் அந்த ஜன்னலில் கை வைக்காதீர்கள். தூண் பழுதானால் அதே மாதிரி இன்னொன்று தேடி அலைய வேண்டாம். நேரான சதுர மரக்கம்பம் போதும்.