பார்வைமானும் அபாயக் குரலும்

வேட்டையைப் பாடும் செய்யுட்களைக் கற்போர் அவற்றில் கட்புலனாகும் காட்சிகளையே பெரிதும் போற்றுவர். ஆயின், தென்காசியை அடுத்த குற்றால மலைச்சாரலை அறிந்தோர், காட்டில் கண்ணினும் செவியே முற்பட்டுத் தொழிற்படும் என்பதை உணர்வர். அடர்ந்த சோலையில் அணித்தே நிற்கும் விலங்கும் மறைந்துபோகும். அதன் குரலோ நெடுந்தொலைவு செல்லும். இவ்வுண்மையைக் கொண்டு புறநானூற்றின் 320ஆம் பாட்டை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் மானினத்தின் அபாயக் குரல்களை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். புள்ளிமானின் குரல் கூரியது. சிறு அசைவுக்கும் அது வெருண்டு கத்துமாதலின், அக்குரல் ஒன்றையே கொண்டு புலியின் வரவைத் துணிதல் இயலாது. நெல்லைச் சீமையார் மிளா என வழங்கும் கடமான், பகையைக் கண்டோ மோந்தோ தெளிந்த பின்னரே பெரும்பாலும் உரத்து ஒலிக்கும். முன்னங்காலால் நிலத்தை உதைக்கவும் செய்யும். கேளையாடு நாய் குரைப்பது போல நெடுநேரம் குரைக்கும். இவ்வொலிகளைக் கற்றறிந்த முறையினை ஜிம் கார்பெட் 1953இல் வெளிவந்த ‘ஜங்கிள் லோர்’ என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார். இக்குரல் இனத்தை எச்சரிப்பதோடு, ‘உன்னைக் கண்டுகொண்டோம்’ எனப் பகைக்கும் அறிவிக்கின்றது. எனவே, மானின் குரல் வேட்டுவனுக்குப் புலியைக் காட்டும். சிலபோது அவனையே காட்டிக் கொடுக்கும்.

இனி, வீரை வெளியனாரின் அப்பாட்டை நோக்குவோம். யானை வேட்டுவன் அயர்ந்து உறங்குகின்றான். முற்றத்தில், பழக்கப்பட்ட பார்வைப்பிணையோடு தனிக்கலை ஒன்று கூடி விளையாடுகின்றது. அதனைக் கண்ட மனையோள், கணவன் விழித்தலையும் கலை பிரிதலையும் அஞ்சி, இல்லினுள் நடமாடாது நிற்கின்றாள். மான்தோலில் உலரும் தினையைக் கானக்கோழியும் இதலும் உண்கின்றன. அவள் அவற்றை ஓட்டினாளல்லள்.

இதனை அருளுடைமை என்று மட்டும் கூறி அமைதல் போதாது. அருள் அவள் நோக்கம். ஓசையறிவே அதற்குக் கருவி. புள்ளோப்பும் சிறு ஒலியும் கலையை வெருட்டும் என்பதை வேட்டுவக்குடியில் வாழும் அவள் அறிவாள். மேலும், ‘பார்வை’ என்னும் பெயர் கண்ணைச் சுட்டினும், அப்பிணையின் ஆற்றல் அதன் உருவத்தில் மட்டும் இல்லை. காட்டுப்பிணை மனிதரைக் கண்டதும் அபாயக் குரல் எழுப்பும்; மனையில் வளர்ந்த பிணை எழுப்பாது. அம்மௌனத்தையே கலை அச்சமின்மைக்கு அடையாளமாகக் கொள்கின்றது என்பது எம் கருத்து.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியோடு இதனை ஒப்பிடல் தகும். அங்கே புள்வேட்டைக்கு வந்த சிங்கனின் உள்ளம் சிங்கிபால் செல்லப் பறவைகள் தப்புகின்றன. இரண்டிலும் காதலே வேட்டையைத் தடுக்கின்றது. ஆயின், குறவஞ்சியில் அது வேட்டுவனின் காதலாய் நகை விளைக்கின்றது. புறப்பாட்டிலோ விலங்கின் காதலாய் அமைதியை விளைக்கின்றது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் மான்வேட்டை குற்றமாயிற்று, அது வேண்டத்தக்கதே. எனினும் வேட்டையோடு அவ்வொலிகளைக் குறித்த சொற்களும் மறைதல் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பளியர், காணிக்காரர் முதுமக்களிடம் அவற்றைக் கேட்டுத் தொகுப்பின், பழம்பாடல்களின் உரைக்கு அது பெருந்துணையாகும். ஆய்வு மாணவர் இதனை மேற்கொள்வாராக.