பழைய கார்டின் அருமை

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016 ஜூலையில். ஆறு ஜிபி நினைவகம், 120 வாட் மின்சாரம், அவ்வளவுதான். ஆனாலும் ஸ்டீம் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கிராபிக்ஸ் கார்டு அது. சிலது அப்படித்தான், அலட்டாமல் உழைக்கும்.

புது கேம் திணறியதும் கடைக்கு ஓடத் தோன்றும். ஓட வேண்டாம். முதலில் நிழல்களின் தரத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். கண்ணுக்கே எட்டாத அழகுக்காகக் கார்டு எவ்வளவு மூச்சு வாங்கியிருக்கிறது என்று புரியும். பிறகு கேபினெட்டைத் திறந்து ஃபேனில் அப்பியிருக்கும் தூசியைத் துடையுங்கள். சூடு தணிந்தால் போன வேகம் திரும்புவதுண்டு.

அப்படியும் சரிவரவில்லையா? பிரேம் வரம்பு எதுவும் வைக்காமல் விளையாடி, கார்டின் பயன்பாட்டைக் கவனியுங்கள். 99 சதவீதத்தில் நின்றால் அதன் சக்தி அவ்வளவுதான், மாற்றலாம். 60-ஐத் தாண்டாவிட்டால் இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் பிராசஸர். அப்போது கார்டை மாற்றினால் காசுதான் கரையும்.

வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்: பவர் சப்ளையின் வாட், கேபினெட்டுக்குள் இருக்கும் நீளம், மானிட்டரின் தரம். 170 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 550 வாட் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறது என்விடியா. 1080பி, 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 4கே கார்டு வாங்குவது, ஊசி எடுக்க உலக்கை தேடுவதுபோல.

புதுக் கார்டு ஸ்லாட்டில் இறங்கும்போது கேட்கும் அந்தச் சின்ன 'க்ளிக்' சுகமானதுதான். ஆனால் உங்களுக்குப் பிடித்த கேம் தடங்கலின்றி ஓடும்வரை, உள்ளே இருப்பதே நல்ல கார்டு.